மூளை, நரம்பு, வலிப்பு, மறதி: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செங்கோட்டையில் மருந்துக்கடை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்தப் பக்கம் தென்காசி, இலஞ்சி ஆட்களும் வருவார்கள், அந்தப் பக்கம் புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலை வட்டாரத்தில் தோட்ட வேலை பார்க்கும் நம் ஆட்களும் வருவார்கள். சர்க்கரை, பிரஷர் பற்றி எல்லாரும் சத்தமாகவே கேட்பார்கள். மூளை, நரம்பு என்றால் மட்டும் மற்றவர்கள் போகட்டும் என்று ஓரமாக நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். அப்படி ஓரமாக நின்று கேட்ட கேள்விகள்தான் இவை. கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். அதனால் யாருக்கு எத்தனை மில்லிகிராம் என்றெல்லாம் இங்கே தேடாதீர்கள்.

நரம்புன்னா கையில நீலமா தெரியுதே, அதானே அண்ணாச்சி?

இல்லை. அது ரத்தக் குழாய். "நரம்புல ஊசி போட்டாங்க" என்று சொல்லிச் சொல்லி நமக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது. உண்மையான நரம்பு வெள்ளை நூல் மாதிரி உள்ளே ஓடும், வெளியே தெரியாது. மூளையிலிருந்து வருகிற உத்தரவும், விரல் நுனியிலிருந்து போகிற சூடு, வலி என்கிற சேதியும் அதில்தான் மின்சாரம் போல ஓடுகின்றன.

ஆனால் ஒரு விஷயத்தில் நம் குழப்பம் முழுத் தப்பும் இல்லை. மூளை ஏறக்குறைய 1.4 கிலோதான் இருக்கும், ஆனால் உடம்புக்கு வருகிற ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும். ரத்தம் நின்றால் சில நிமிஷங்களில் சேதம் ஆரம்பித்துவிடும். ஆகவே மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் கோளாறு என்றால் அது மூளை நோயாகத்தான் வந்து நிற்கும்.

நரம்புத் தளர்ச்சிக்கு நல்ல டானிக் ஒண்ணு குடுங்க.

நரம்புத் தளர்ச்சி என்று தனியாக ஒரு நோய் மருத்துவப் புத்தகத்தில் கிடையாது. சுவரில் எழுதியிருக்கும், லாட்ஜில் மாதம் ஒரு நாள் வந்து உட்காருபவர் சொல்வார், அவ்வளவுதான். அந்தப் பெயரைச் சொல்லி வருபவர்களில் ஒருவருக்குத் தூக்கம் இல்லை, ஒருவருக்கு ரத்தசோகை, ஒருவருக்கு தைராய்டு, ஒருவருக்கு மனச்சோர்வு, இன்னொருவருக்குக் கல்யாணம் நெருங்குகிற பயம். ஒரே டானிக் எப்படிச் சரிசெய்யும்?

உள்ளங்கால் எரிச்சல், மதமதப்பு, செருப்பு கழன்றதே தெரியவில்லை என்றால் அது நிஜமான நரம்புப் பிரச்சினை. நம் ஊரில் பெரும்பாலும் சர்க்கரையால் வருவது. வைட்டமின் பி12 குறைந்தாலும் வரும், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு, அதை ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: "சத்து மாத்திரைதானே" என்று மாதக்கணக்கில் நீங்களே வாங்கி விழுங்காதீர்கள். பி6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

ஸ்ட்ரோக்கும் அட்டாக்கும் ஒண்ணா?

அட்டாக் இதயத்தில், ஸ்ட்ரோக் மூளையில். பக்கவாதம் என்று நாம் சொல்வதும் மலையாளத்துக்காரர்கள் பக்ஷாகாதம் என்பதும் ஸ்ட்ரோக்கைத்தான். அதில் இரண்டு வகை. குழாயில் ரத்தக்கட்டி அடைப்பது ஒன்று, அதுதான் அதிகம். குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்து இது எது என்று யாராலும் சொல்ல முடியாது, சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

திடீர்னு வாய் கோணுது, கை தூக்க வரல, பேச்சு குழறுது. முதல்ல என்ன செய்யணும்?

முதலில் மணியைப் பாருங்கள். இப்போது என்ன மணி என்பது மட்டும் போதாது, கடைசியாக அந்த ஆள் நன்றாக இருந்ததை யாராவது பார்த்தது எத்தனை மணிக்கு என்பதும் வேண்டும். அடைப்பு வகை என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு, அதை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கு கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். பெரிய குழாய் அடைத்திருந்தால் உள்ளே கம்பி விட்டுக் கட்டியை எடுக்கிற சிகிச்சையும் இருக்கிறது, அதற்கு 6 மணி நேரம், ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் சிலருக்கு 24 மணி நேரம் வரைக்கும். அதை நம்பி மெதுவாகக் கிளம்பலாம் என்று நினைக்க வேண்டாம். அடைப்பு இருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் சுமார் 19 லட்சம் மூளை அணுக்கள் சாகின்றன என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். காலை ஆறு மணிக்கு எழுந்திருக்கும்போதே இடது பக்கம் விழுந்திருந்தது. ராத்திரி பத்து மணிக்குப் படுத்தவர், எப்போது வந்தது என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருக்க, மருமகள் மட்டும் "நாலு மணிக்கு பாத்ரூம் போயிட்டு வந்தாங்க, லைட்டை நான்தான் போட்டேன், நல்லாத்தான் நடந்தாங்க" என்றது. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான். அந்த ஒரு வாக்கியத்தால்தான் அவருக்கு ஊசி போட முடிந்தது. இப்போது கம்பை ஊன்றிக்கொண்டு கடைக்கு அவரே வருகிறார்.

அப்புறம் 108-ஐக் கூப்பிடுங்கள், இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். தண்ணீர், சோடா எதுவும் கொடுக்காதீர்கள், விழுங்கும் தசையும் விழுந்திருந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். கையிலிருக்கும் ஆஸ்பிரினையும் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவு வகையாக இருந்தால் வினையாகிவிடும். பிரஷர் ஏறியிருக்கிறது என்று வீட்டிலேயே பிரஷர் மாத்திரை போடுவதும் வேண்டாம். சர்க்கரை பார்க்கும் மிஷின் இருந்தால் ஒரு சொட்டு பார்த்துவிடுங்கள், சர்க்கரை இறங்கினாலும் இதே மாதிரி தோன்றும். வண்டி ஏறும்போதே அந்த ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலை இறங்கித் திருவனந்தபுரம் போக மூன்று மணி நேரம் ஆகும், பெரிய ஆஸ்பத்திரி என்று அங்கேயே நேராக ஓடினால் நாலரையில் மூன்று வழியிலேயே போய்விடும்.

பத்து நிமிஷத்துல தானா சரியாயிருச்சு. இனி எதுக்கு ஆஸ்பத்திரி?

சரியானதால்தான் போக வேண்டும். அது சின்ன அடைப்பு வந்து தானாக விலகியது. அடுத்த ஓரிரு நாளில் பெரியது வருகிற ஆபத்து அப்போதுதான் அதிகம். நாளைக்குப் பார்ப்போம், வெள்ளிக்கிழமை கழியட்டும் என்று தள்ளிப்போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

முகம் மட்டும் ஒரு பக்கம் கோணியிருக்கு. கை கால் நல்லா இருக்கு.

முகவாதமாக இருக்கலாம். முகத்துக்குப் போகும் நரம்பு வீங்குவது. கண்ணாடி முன்னால் நின்று புருவத்தை உயர்த்தச் சொல்வார்கள். முகவாதத்தில் அந்தப் பக்க நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது. ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் நெற்றி சுருங்கும். இதை வைத்து நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள், மேலே சொன்ன அவசரத்தோடேயே போங்கள். முகவாதம்தான் என்றாலும் ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். அதுவரை மூடாத கண் காய்ந்து போகாமல் சொட்டு மருந்தும் ராத்திரிக்குக் களிம்பும் அவசியம்.

பக்கவாதத்துக்கு புறா ரத்தம் தேய்ச்சா சரியாவுமா? புனலூர் பக்கம் உழிச்சல் நல்லா பண்றாங்களாமே?

புறாவை விட்டுவிடுங்கள், பாவம். வெளியே தேய்க்கிற எந்த ரத்தமும் உள்ளே அடைத்த குழாயைத் திறக்காது.

உழிச்சலை, அதாவது எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவதை, நான் ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். தசை இறுக்கம் குறைகிறது, நோயாளிக்கு ஆறுதலாக இருக்கிறது என்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் அது ஆஸ்பத்திரிக்கு அப்புறம். முதல் நாளே எண்ணெய்க்குடத்தோடு கிளம்பினால் ஊசி போடும் நேரம் போய்விடும். விழுந்த கையை மறுபடி தூக்க வைப்பது பிசியோதெரபி, திரும்பத் திரும்பச் செய்கிற பயிற்சி. முதல் சில மாதங்களில் மூளை அதை வேகமாகப் பிடித்துக்கொள்ளும். உணர்ச்சி இல்லாத காலில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றிக் கொப்புளத்தோடு களிம்பு வாங்க வந்தவர்களும் உண்டு.

காக்கா வலிப்பு வந்தா கையில இரும்புச் சாவி குடுக்கணும்லா?

சாவி கொடுத்ததும் நின்றது என்பார்கள். பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடும், சாவி தேடி எடுக்க அவ்வளவு நேரம் ஆகும், அதுதான் ரகசியம். காக்கைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, கால்-கை வலிப்பு என்பது பேச்சில் தேய்ந்து அப்படி ஆனது என்பார்கள்.

செய்ய வேண்டியது: ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள், சட்டைக் காலரைத் தளர்த்துங்கள், பக்கத்தில் அடுப்பு, அரிவாள்மனை இருந்தால் நகர்த்துங்கள். வாய்க்குள் கரண்டி, விரல், துணி எதுவும் வேண்டாம், பல் உடையும் அல்லது உங்கள் விரல் போகும். அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். இங்கேயும் மணியைப் பாருங்கள். 5 நிமிஷம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, இதுதான் முதல் தடவை என்றாலோ 108. கூட ஆள் இருந்தால் ஒருவர் செல்போனில் வீடியோ எடுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் நரம்பியல் டாக்டருக்கு அந்த வீடியோ நம் வர்ணனையைவிடப் பலமடங்கு உதவும்.

ஒரு தடவைதான் வந்துச்சு. காலம் பூரா மாத்திரையா?

ஒரு தடவை வந்ததெல்லாம் வலிப்பு நோய் இல்லை. சர்க்கரை இறங்கினாலும், உப்புச்சத்து குறைந்தாலும், குடியை திடீரென்று நிறுத்தினாலும், சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் ஏறினாலும் வரும். காரணம் இல்லாமல் ஒரு நாளாவது இடைவெளி விட்டு இரண்டு முறை வந்தால், அல்லது ஸ்கேனும் இ.இ.ஜி.யும் பார்த்து மறுபடி வரும் வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் நினைத்தால்தான் நோய் என்று பெயர் வைப்பார்கள். (இ.இ.ஜி.யில் ஷாக் வைக்கமாட்டார்கள். மூளையின் மின்சாரத்தைத் தலையில் ஒட்டிய ஒயர் வழியாகப் பதிவு செய்வது மட்டும்தான்.)

சரியான மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் பத்துப் பேரில் ஏழு பேர் வலிப்பே இல்லாமல் இருக்கலாம். சில வருஷம் வராமல் இருந்தால் டாக்டரே படிப்படியாகக் குறைத்து நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. நீங்களாக ஒரே நாளில் நிறுத்துவதுதான் ஆபத்து, விட்ட வலிப்பு அடுக்கடுக்காகத் திரும்பி வரும். "ரெண்டு வருஷமா வரல, அதான் விட்டுட்டேன்" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கம்பெனியை மாற்றி மாற்றி வாங்காமல் ஒரே கம்பெனி மாத்திரையைத் தொடர்வதும் நல்லது. எங்களிடம் இல்லை என்றால் இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள், வரவழைத்துத் தருகிறேன். கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டு வராதீர்கள்.

பொண்ணுக்கு வலிப்பு இருக்கு. மாப்பிள்ளை வீட்டுல மறைச்சிரலாமா? சட்டப்படி கல்யாணம் செல்லுமா?

செல்லும். இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பை ஒரு தடையாக வைத்திருந்தார்கள், 1999-இல் திருத்தம் செய்து எடுத்துவிட்டார்கள். ஆனால் மறைக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். மறைத்தால் பெண் மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிடும், ஒரு நாள் விட்டுப்போகும், அன்றைக்குப் புகுந்த வீட்டு அடுக்களையில் விழும். அதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், அதனால் போகிற சம்பந்தம் போகட்டும்.

பிள்ளை பெறலாம், பெரும்பாலானவர்களுக்கு நல்லபடியாகவே பிறக்கிறது. ஆனால் வால்புரோயேட் வகை மாத்திரை சாப்பிடும் பெண்கள் கர்ப்பம் ஆவதற்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டும். அந்த மருந்தால் நூற்றுக்குச் சுமார் 10 குழந்தைகளுக்குப் பிறவிக் குறை வருகிறது, வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று பார்ப்பார்கள், ஃபோலிக் அமிலமும் முன்கூட்டியே தருவார்கள். நாள் தள்ளிப்போன பயத்தில் நீங்களே நிறுத்துவது, முந்தின பதிலில் சொன்னதேதான், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

நாங்க சுத்த சைவம். மூளையில நாடாப்புழு கட்டின்னு ஸ்கேன்ல வந்திருக்கு. எப்படி?

சரியாக வேகாத பன்றிக்கறி சாப்பிட்டால் வயிற்றில் புழு வரலாம். மூளைக்குப் போவது அந்தப் புழுவின் முட்டை. வயிற்றில் புழு உள்ள ஒருவரின் மலத்திலிருந்து மண்ணுக்கும் தண்ணீருக்கும் போய், கழுவாத கொத்தமல்லியிலும் கேரட்டிலும் கையிலும் ஒட்டி நம் வாய்க்கு வருகிறது. இதில் சைவம், அசைவம் பார்க்காது. நம் நாட்டில் வலிப்புக்கு இது ஒரு முக்கியமான காரணம், மருந்தும் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

தலைவலிக்கு தினம் ஒரு மாத்திரை போடுறேன், ஆனாலும் விடமாட்டேங்குது.

மாத்திரையே காரணமாக இருக்கலாம். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்கு மேல், கலவை மாத்திரை என்றால் 10 நாளுக்கு மேல் போட்டுக்கொண்டே வந்தால் அதனாலேயே தினசரித் தலைவலி வரும். வியாபாரிதான், ஆனாலும் இந்த ஒரு சரக்கை அதிகம் விற்க எனக்கு ஆசையில்லை. ஒற்றைத் தலைவலியா என்று பார்க்க நாள்காட்டித் தாளில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணி நேரம் இருந்தது, குமட்டல் இருந்ததா, வெளிச்சம் கூசியதா, முந்தின ராத்திரி தூங்கினீர்களா. அடிக்கடி வந்தால் வராமல் தடுக்கிற மருந்து தனியாக இருக்கிறது.

நொடியில் இடி விழுந்த மாதிரி வந்த தலைவலி, காய்ச்சலோடு கழுத்து வளைக்க முடியாத தலைவலி, 50 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்தது, இவற்றுக்குக் கடைக்கு வர வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

கை நடுங்குது. பார்க்கின்சனா?

எப்போது நடுங்குகிறது என்று பாருங்கள். சாயா கிளாஸைத் தூக்கும்போது, கையெழுத்துப் போடும்போது நடுங்கினால் பெரும்பாலும் வேறு வகை, குடும்பத்தில் அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ இருந்திருக்கும். தைராய்டும் சில ஆஸ்துமா மருந்தும்கூட அப்படிச் செய்யும். பார்க்கின்சனில் சும்மா மடியில் கிடக்கும் கைதான் நடுங்கும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பீடி சுற்றுகிற மாதிரி உருளும். நடை சின்னதாகும், ஒரு கை வீசாது, எழுத்து போகப்போகப் பொடியாகும். வாசனை தெரியாமல் போவதும் மலச்சிக்கலும் பல வருஷம் முன்பே வந்திருக்கும். மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் அணுக்கள் குறைவதுதான் காரணம், லெவோடோபா என்ற மாத்திரை அதை ஈடுகட்டும்.

அந்த மாத்திரைக்கும் கடிகாரம்தான் முக்கியம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், தினம் அதே நேரத்தில். பருப்பு, முட்டை, பாலோடு சேர்ந்து போனால் சிலருக்கு மருந்து சரியாக ஏறாது.

பூனைக்காலி விதையில அதே மருந்து இருக்குதாமே? பொடியே போதும்லா?

இருப்பது உண்மை. மலையாளத்தில் நாய்க்குருணை என்பார்கள், அந்த விதையில் லெவோடோபா இயற்கையாகவே உண்டு. பிரச்சினை, ஒரு ஸ்பூனில் எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் அளவு கூடி வாந்தி, எழுந்ததும் தலைசுற்றி விழுவது, கை கால் தானாக ஆடுவது, ராத்திரி இல்லாத ஆளெல்லாம் தெரிவது என்று வரும். சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பொடியை நம்பி மாத்திரையை நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அம்மா சொன்னதையே சொல்றாங்க. வயசானா அப்படித்தானே?

சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வயசு. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று முழிப்பது நோய். நாற்பது வருஷமாக வைத்த ரசத்தின் பக்குவம் குழம்புவது, தெரிந்த தெருவிலேயே வழி தவறுவது, காசு எண்ணத் தெரியாமல் நிற்பது, இவையெல்லாம் காட்ட வேண்டியவை. உடனே அல்சைமர் என்று முடிவுக்கு வராதீர்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை போன்ற திருத்தக்கூடிய காரணங்களை முதலில் பார்ப்பார்கள்.

வல்லாரை சாப்பிடுங்கள், கீரைதானே, நல்லது. மறதி நோயை நிறுத்தும் என்று மட்டும் நம்பாதீர்கள். பிரஷர், சர்க்கரை, புகை, காது கேளாமை என்று மாற்றக்கூடிய 14 காரணங்களைக் கவனித்தால் உலகில் மறதி நோயில் ஏறக்குறைய பாதியைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024-இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் குழு சொன்னது. காது மிஷின் வாங்கிக் கொடுக்கக் கணக்குப் பார்க்காதீர்கள்.

குற்றாலத்துல குளிச்சா கேரளாவுல சொல்ற மூளை தின்னுற அமீபா வருமா?

சீசன் வந்தால் இந்தக் கேள்வியும் வரும். அந்த அமீபாவுக்குத் தேங்கிய, வெதுவெதுப்பான நல்ல தண்ணீர்தான் பிடிக்கும், குளம், குளோரின் போடாத நீச்சல் தொட்டி மாதிரி. விழுந்து ஓடுகிற குளிர்ந்த அருவியில் வாய்ப்பு மிகக் குறைவு. குடித்தால் வராது, ஒருவரிடமிருந்து ஒருவருக்கும் தொற்றாது, மூக்கு வழியாகத்தான் மூளைக்கு ஏறும். குளத்தில் தலைகீழாகக் குதிக்காதீர்கள், மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், மூக்கு கழுவக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரே வேண்டும்.

குளித்து இரண்டு வாரத்துக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி வந்தால் "குளத்துல குளிச்சான்" என்பதை டாக்டரிடம் நீங்களாகச் சொல்லுங்கள். 2024-இல் கோழிக்கோடு பக்கம் 14 வயதுப் பையன் பிழைத்ததற்குச் சீக்கிரம் கண்டுபிடித்ததுதான் காரணம்.

தாத்தா போன மாசம் வழுக்கி விழுந்தாரு, ஒண்ணும் ஆகல. இப்ப பேச்சு குழறுது, தூங்கிக்கிட்டே இருக்காரு. இது மறதியா, ஸ்ட்ரோக்கா?

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். வயதானவர்களுக்கு லேசாக அடிபட்டாலே மூளைக்கும் உறைக்கும் நடுவில் ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, மூன்று நாலு வாரம் கழித்து அழுத்த ஆரம்பிக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் சுலபமாக. ஸ்கேனில் தெரிந்துவிடும், துளை போட்டு ரத்தத்தை எடுத்தால் பலர் பழையபடி எழுந்து உட்காருகிறார்கள். விழுந்த தேதி யாருக்காவது ஞாபகம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, எங்க போகணும்? என்னத்த எடுத்துட்டுப் போகணும்?

அவசரம் என்றால் மேலே சொன்னபடி பக்கத்தில் ஸ்கேன் உள்ள இடம். நிதானமாகப் பார்க்க வேண்டியதற்கு திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. மாத்திரைக்குக் கட்டுப்படாத வலிப்புக்கு, ஆபரேஷன் செய்யலாமா என்று பார்க்கும் நிலை வந்தால், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிலையத்துக்கு இங்கிருந்து பலர் போகிறார்கள், 1995 முதல் அங்கே அந்த ஆபரேஷன் நடக்கிறது. இங்கே பார்க்கும் டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டையும், நாட்டு மருந்துப் பொடி இருந்தால் அந்த டப்பாவும், வலிப்பு வீடியோவும், தேதியும் மணியும் எழுதின தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். நேரில் பார்த்தவர் யாரோ அவர்தான் கூடப் போக வேண்டும், காரோட்டத் தெரிந்த மச்சான் மட்டும் போனால் பிரயோசனம் இல்லை. ஸ்கேன் படத்தை மடக்காதீர்கள். பஸ்ஸில் சீட்டில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்து போனவர்கள் உண்டு.